அந்தப் பொன்னிற மீனை ஆற்றில் விட்டிருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பக்கத்தில், அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்தில் வலையில் விழுந்த ஒரு மீனின் படம் போட்டிருந்தீர்கள். பொன்னிறமும் வெள்ளையும் கலந்த உடம்பு, அங்கங்கே மை தெளித்தது போலக் கறுப்பு. 'அபூர்வ வகைக் கெளுத்தி' என்று தலைப்பு. எடை இரண்டே கால் கிலோ. பிடித்தவர் மனமிரங்கி அதைத் திரும்ப ஆற்றிலேயே விட்டார், கூடி நின்றவர்கள் கைதட்டினார்கள் என்று கடைசி வரி. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நான் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தேன்.

நான் மணல்மேடு பக்கத்துக்காரன். ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் 1982 முதல் 2016 வரை லேப் அட்டெண்டராக இருந்தேன். பாடம் நடத்தியவர்கள் வேறு, நான் பாட்டில் துடைத்தவன். ஃபார்மலினில் நிற்கும் மீன்களுக்கு ஃபார்மலின் மாற்றுவது, லேபிள் ஒட்டுவது, பிராக்டிகல் தேர்வுக்கு முதல் நாள் உயிர் மீன் கொண்டுவந்து சேர்ப்பது, இவைதான் என் வேலை. அதற்கும் முன்னால், என் அப்பா ஊர்க் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் பிடித்தவர். கெளுத்தி முள் ஏறாத விரல் என் கையில் கிடையாது. இந்தத் தகுதியில்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். இடமில்லாவிட்டால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதுகுத் துடுப்பு தலைக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கி வால் அடி வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. தலை மண்வெட்டி போலத் தட்டை. வாலில் கவை இல்லை, விசிறி போல வட்டம். இந்த மூன்றும் சேர்ந்தால் அது கிளேரியஸ் என்ற இனக்கூட்டம். மழை நாளில் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகுமே, அந்தக் கூட்டம். நம் பக்கத்து ஆறு குளங்களில் உள்ள நாட்டுக் கிளேரியஸ் ஒரு முழத்தைத் தாண்டுவதே அரிது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, இங்கே வளர்க்கத் தடை செய்யப்பட்ட கெளுத்தி மட்டும் ஒரு மீட்டரையும் தாண்டி வளரும். இரண்டே கால் கிலோ என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். பொன்னிறத்தில் எல்லோரும் மயங்கி நின்றதால் தராசு சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மயங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானே ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

1983 ஐப்பசி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் துறைப் பேராசிரியர் 'ஏதாவது புதுசாகக் கிடைத்தால் கொண்டு வாய்யா' என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் வயல் வாய்க்காலில், வரப்பு உடைந்து தண்ணீர் விழும் இடத்தில், விரல் நீளத்தில் ஏழெட்டுக் குஞ்சு மீன்கள். செங்கல்லை அரைத்துப் பூசியது போல நல்ல சிவப்பு. மீசை எட்டு. தேளி மாதிரி இருக்கிறது, ஆனால் தேளி கறுப்பாயிற்றே! இது வேறு ஜாதி என்று முடிவு கட்டி, டிபன் டப்பாவில் தண்ணீரோடு போட்டு எடுத்துப் போனேன். போகிற வழியிலேயே 'செந்தேளி' என்று பெயரும் வைத்துவிட்டேன். பேராசிரியர் பார்த்தார், சிரிக்கவில்லை. 'தொட்டியில் விடு, பொங்கல் கழித்துப் பார்ப்போம்' என்றார். தை பிறப்பதற்குள் என்னுடைய செந்தேளி எல்லாம் கறுத்துப் போய், எங்கள் குளத்துத் தேளியாகவே ஆகி உட்கார்ந்திருந்தன. குஞ்சில் செம்மை, வளர்ந்ததும் ஈயக் கறுப்பு, அவ்வளவுதான் சங்கதி. தொட்டியிலிருந்து எடுக்கும்போது அதில் ஒன்று என் கட்டை விரலில் ஏற்றிவிட்டது. தேளிக்குத் தேள் சும்மா பேரில் வரவில்லை. பக்கத் துடுப்பின் முள்ளில் விஷம் உண்டு. (குத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வையுங்கள். அந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும். மூச்சு முட்டினாலோ வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

அந்தப் பொங்கலுக்கு அப்புறம் பேராசிரியர் எனக்கு ஒரு வேடிக்கை காட்டினார். ஒரே வலையில் விழுந்த, ஒரே அளவுள்ள இரண்டு சின்னக் கெளுத்திகள். ஒன்றை வெள்ளை எனாமல் பேசினில் விட்டார். இன்னொன்றை, மீன் குழம்பு வைத்து வைத்து உள்ளே கன்னங்கரேல் என்று ஆகியிருந்த மண்சட்டியில் விட்டார். சட்டி எங்கள் வீட்டிலிருந்து நான் கொண்டு போனது, அதற்காக என் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. மறுநாள் காலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பேசினில் கிடந்தது வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. சட்டியில் கிடந்தது கறுத்துப் பளபளத்தது. இரண்டையும் இடம் மாற்றி விட்டார். மறுநாள் நிறமும் இடம் மாறியிருந்தது.

அது எப்படி நடக்கிறது என்பதையும் சொன்னார். நான் புரிந்துகொண்ட மட்டில் எழுதுகிறேன். மீன் தோலில் கறுப்புச் சாயம் அடங்கிய செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கிளை கிளையாகக் கை நீட்டியிருக்கும். சாயப் பொடி செல்லின் நடுவில் ஒரு புள்ளியாகக் குவிந்தால் மீன் வெளுத்துத் தெரியும். அதே பொடி கிளைகள் எல்லாவற்றிலும் பரவினால் கறுத்துத் தெரியும். சாயம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கைப்பிடி கேழ்வரகை ஒரே இடத்தில் குவித்து வைப்பதற்கும் பாய் முழுக்கப் பரப்பிக் காய வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். குவி, பரவு என்று கட்டளை போடுவது நரம்பும் ஹார்மோனும். அந்தக் கட்டளைக்குத் தகவல் போவது கண் வழியாக: மேலிருந்து வரும் வெளிச்சம் எவ்வளவு, கீழே தரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் எவ்வளவு என்று. பார்வை போன மீன் பெரும்பாலும் கறுத்தே கிடப்பது இதனால்தான். இவை நிமிடத்திலோ நாளிலோ நடக்கும் மாற்றம். மாதக்கணக்கில் ஒரே இருட்டுத் தண்ணீரில் கிடந்தால் அந்தச் செல்களே எண்ணிக்கையில் பெருகும். அந்தக் கறுப்பு சீக்கிரம் போகாது.

கெளுத்திக் கூட்டத்துக்குச் செதில் கிடையாது என்பது இங்கே முக்கியம். கெண்டையில் செதிலின் வெள்ளிப் பளபளப்பு பாதி நிறத்தை மறைத்துவிடும். கெளுத்தியில் தோல்தான் நிறம், நிறம்தான் தோல். இதைப் பேராசிரியரை விட என் மனைவி நன்றாக அறிவாள். கெளுத்தி வாங்கி வந்தால் சாம்பலும் கல்லுப்பும் போட்டு, கிணற்றடிச் சொரசொரப்புத் தரையில் வைத்துத் தேய் தேய் என்று தேய்ப்பாள். கறுப்பு வழித்துக்கொண்டு போய், கடைசியில் எல்லாக் கெளுத்தியும் ஒரே வெள்ளையாகத்தான் சட்டிக்குப் போகும்.

டெல்டாக்காரர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை, யோசித்துப் பார்த்தால் போதும். மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்து, அது நம் பக்கம் வந்து சேரும்போது செம்மண் கரைந்த புதுத்தண்ணியாக வரும். அந்த நாட்களில் விழும் கெளுத்தி வெளுத்து, மஞ்சள் பாய்ந்து இருக்கும். கலங்கல் தண்ணீரில் கறுப்பாக இருந்து என்ன பயன், மீனுக்கும் தெரியும் போல. அதே கெளுத்தி மாசி பங்குனியில், ஆகாயத்தாமரை மூடி வெயிலே இறங்காத குட்டையில் கிடைத்தால் கரி. எங்கள் ஊரில் ஒருவர் முன்னதை 'ஆத்துக் கெளுத்தி' என்று கிலோவுக்குக் கூட விலை வைத்தும், பின்னதைக் 'குட்டைக் கெளுத்தி' என்று குறைத்தும் விற்பார். ருசியில் வித்தியாசம் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஜாதி ஒன்றுதான்.

இதற்கு மேல் பயம், அடி, சாவு. வலையில் இழுத்துக் கரையில் போட்டதும் பல கெளுத்திகள் நிமிடங்களில் வெளிறிவிடும். செத்தபின் மேல் வழுவழுப்பு வெண்மையாகத் திரையும். ஐஸில் ஒரு ராத்திரி கிடந்தால் இன்னும் மங்கும். அப்படி மங்கிய மீனை மறுநாள் மதியம் உச்சி வெயிலில், நீல பிளாஸ்டிக் தட்டின் மேல் வைத்துப் போனில் படமெடுத்து 'இது என்ன வகை?' என்று கேட்டால் என்னத்தைச் சொல்வது? என் பேரன் அப்படி வரும் படங்களை எனக்குக் காட்டுவான். 'தாத்தா, சாம்பல் கலரா இருக்கு, இது எது?' என்பான். நான் முதலில் கேட்பது முதுகுத் துடுப்பு எவ்வளவு நீளம் என்றுதான். கலரைப் பற்றிப் பேச்சு அப்புறம்.

பேச்சோடு பேச்சாக ஒரு பெருமை. தேளிக்கும், உடம்பில் கோடு போட்ட சின்னக் கெளுத்திக்கும் உலகம் முழுக்க வழங்கும் விஞ்ஞானப் பெயர்கள் நம் தரங்கம்பாடியிலிருந்து போனவை. அங்கே மிஷனரியாக இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், இங்கே கிடைத்த மீன்களைப் பாடம் பண்ணி பெர்லினில் இருந்த மருத்துவர் பிளாக் என்பவருக்கு அனுப்பினார். கத்தாளை மீனில் ஓர் இனக்கூட்டத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர் இருப்பது அவரை வைத்துத்தான். பிளாக் 1794-இல் தேளிக்கு 'ஃபாஸிலிஸ்' என்றும், கோட்டுக் கெளுத்திக்கு 'விட்டேட்டஸ்' என்றும் பெயர் வைத்தார். முதலாவதற்கு லத்தீனில் 'தோண்டி எடுத்தது' என்று பொருள். கோடையில் வற்றிய குளத்துச் சேற்றை மண்வெட்டியால் வெட்டித் தேளி பொறுக்கியவர்கள் நாங்கள். எங்கள் அப்பாவிடம் சொல்லியிருந்தால், 'பின்னே எப்படி எடுப்பார்களாம்?' என்று கேட்டிருப்பார். இரண்டாவதற்கு 'பட்டை போட்டது' என்று பொருள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பெர்லினில் இருந்த பிளாக் நம் வாய்க்காலில் இந்த மீன்கள் உயிரோடு ஓடிப் பார்த்தவர் இல்லை. 34 வருடம் பாட்டில் துடைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாடம் பண்ணிய மீனில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் ஓடிப்போகும். சாராயத்தில் அவை கரைந்தே போய்விடும். கறுப்பு மட்டும் வருடக்கணக்கில் நிற்கும். எங்கள் லேபில் மூன்றாவது அலமாரியில் இருந்த பதினெட்டுக் கெளுத்தி பாட்டில்களும் ஒரே பழுப்பு. லேபிள் உதிர்ந்து விழுந்தால் நிறத்தை வைத்து எது எங்கே என்று கண்டுபிடிக்க வழியில்லை. துடுப்பை எண்ணி, மீசையை அளந்துதான் திரும்ப ஒட்ட வேண்டும். அந்த வேலைதான் எனக்கு மீன் படிப்பு.

ஆனால் கறுப்பில் போட்ட கோடும் புள்ளியும் அங்கேயும் மங்கலாகத் தெரியும். அதனால் நிறத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாயல் வேறு, கோலம் வேறு. வாசலில் போட்ட கோலம் வெயிலில் வெளுக்கலாம், பனியில் நனைந்து மங்கலாம், புள்ளி வைத்த இடம் மாறாது. கோட்டுக் கெளுத்தியைப் பாருங்கள். வெளுத்த நாளில் கோடுகள் கண்ணுக்கே தெரியாது. அப்போதும் செவுள் மூடிக்குப் பின்னால், தோள்பட்டை மாதிரி இடத்தில் ஒரு கரும்பொட்டு நிற்கும். அதனுடைய சொந்தக்காரக் கெளுத்தி ஒன்று உண்டு, விஞ்ஞானப் பெயர் மிஸ்டஸ் கவேசியஸ். அதற்குக் கரும்பொட்டு முதுகுத் துடுப்பின் முள் தொடங்கும் இடத்தில் இருக்கும். மேல்மீசை வால் அடி வரைக்கும் நீளும். முதுகில் பின்பக்கமாக முள்ளில்லாத ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கிறதே, அது முன் துடுப்பை ஒட்டியே தொடங்கி வால் பக்கம் வரை போகும். கழிமுகப் பக்கம் உப்புத் தண்ணீரில் வாழும் கெளுத்திக்குக் கோடும் கிடையாது, அந்தக் கொழுப்புத் துடுப்பும் குட்டை. மூன்றையும் சந்தையில் ஒரே கூடையில் 'கெளுத்தி' என்று கொட்டி வைத்திருப்பார்கள். தப்பில்லை, குழம்புக்கு அது போதும்.

கோலமும் வயதுக்கு வயது மாறுவது உண்டு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மீகாங் ஆற்றிலிருந்து வந்து இன்று பண்ணைகளில் வளரும் பங்காசியஸ், குஞ்சில் வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டைகளோடு அவ்வளவு அழகாக இருக்கும். அலங்கார மீன் கடையில் குட்டிச் சுறா என்று விற்கிறார்கள். வளர்ந்தால் பட்டை போய் வெறும் சாம்பல். அதை வாளை என்று சொல்லி என் மருமகள் தலையில் ஒருமுறை கட்டிவிட்டார்கள். 'மாமா, வெள்ளையா பளபளன்னு இருந்துச்சு, வாளைன்னாங்க' என்றாள். வாளைக்கு வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் கிழிந்திருக்கும், உள்ளே பல் வரிசை. முதுகில் கொழுப்புத் துடுப்பு கிடையாது. இதற்கு வாய் சின்னது, கொழுப்புத் துடுப்பும் இருந்தது. வெள்ளை நிறம் இரண்டுக்கும்தான் இருக்கிறது.

தொட்டி சுத்தம் பண்ணும் மீன் என்று கடையில் விற்கிறார்களே, முதலைத் தோல் மாதிரிக் கவசம் போட்ட தென் அமெரிக்க மீன், அது இப்போது நம் நீர்நிலைகளிலும் வலையில் ஏறுகிறது. வயிற்றில் புள்ளி இருந்தால் ஓர் இனம், புழு நெளிந்தது போலக் கோடு இருந்தால் இன்னோர் இனம் என்று பிரித்துப் பார்ப்பார்கள். இரண்டும் கலந்து பெருகியதில் பாதிப் புள்ளி பாதிக் கோடாகவும் வருகிறது. கோலத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு அது ஒரு பாடம்.

சரி, கோலம் உயிர்காக்கும் இடம் ஒன்றும் உண்டு. காவிரி ஆற்றுத் தொகுதிக்கே உரிய ஒரு பெரிய கெளுத்தி, 1849-இல் ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தது. ஹெமிபாக்ரஸ் பங்க்டேட்டஸ் என்று பெயர். 'பங்க்டேட்டஸ்' என்றால் புள்ளியுள்ளது. உடம்பின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் கோட்டை ஒட்டி வரிசையாகக் கரும்புள்ளிகள். அழிவின் விளிம்பில் உள்ளவை என்று சர்வதேசப் பட்டியலில் வைத்திருக்கும் மீன் அது. உங்கள் மாவட்டப் பக்கத்தில் 'அபூர்வம்' என்ற வார்த்தையை நான் எதிர்பார்ப்பது இதற்குத்தான். ஆனால் இது வலையில் விழுந்தால் பார்ப்பதற்குச் சாதாரணமாக, மங்கலான உடம்பில் வரிசையாகச் சில பொட்டுகளோடு, யாரும் கைதட்டாமல் கூடைக்குப் போய்விடும். பளிச்சென்று பொன்னிறத்தில் ஏதாவது வந்தால்தான் நாம் போனை எடுக்கிறோம்.

இனி அந்தப் பொன்னிறத்துக்கு வருகிறேன். கறுப்புச் சாயம் உண்டாவதில் பிறவியிலேயே கோளாறு இருந்தால் மீன் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பிறக்கும். கண்ணும் சிவந்திருந்தால் சாயம் முழுசாக இல்லை என்று அர்த்தம். கண் கறுப்பாகவே இருந்து உடம்பில் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தால், சாயச் செல்கள் சில இடங்களில் மட்டும் இல்லை என்று அர்த்தம். நீங்கள் போட்ட படத்தில் கண் கறுப்பு. மாடு ஆடுகளில் சிவலை, மயிலை, புள்ளி என்று இருப்பது போலத்தான் இதுவும். அதற்காக அது தனி ஜாதி ஆகிவிடாது.

நாரையும் கொக்கும் நீர்க்காகமும் உள்ள ஆற்றில் இப்படி ஒரு குஞ்சு பிறந்தால் விரல் நீளம் ஆகும் முன் ஏதாவது ஒரு அலகுக்குள் போய்விடும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இது கண்கூடாக நடந்திருக்கிறது. 1960-களில் அலங்கார மீன் வியாபாரத்துக்காகத் தாய்லாந்திலிருந்து கொண்டுபோன நடக்கும் கெளுத்திகள் பண்ணையிலிருந்து தப்பி ஓடின. தொடக்கத்தில் பிடிபட்டவற்றில் நிறைய வெள்ளை மீன்கள். போகப் போக வெள்ளை அரிதாகி, இன்று அங்கே வாய்க்கால்களில் ஓடுவது பெரும்பாலும் கறுப்பு. ஆகவே கொள்ளிடத்தில் இரண்டே கால் கிலோவுக்கு வளர்ந்த பொன்னிற மீன் என்றால், அது குஞ்சுப் பருவத்தை ஆற்றில் கழித்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. தொட்டியிலோ பண்ணைக் குளத்திலோ பத்திரமாக வளர்ந்து, வெள்ளத்தில் தப்பியதாகவோ யாரோ விட்டதாகவோ இருக்க வேண்டும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதை மத்திய அரசு தடை செய்தது 2000-இல். கால் நூற்றாண்டு ஆகிறது. கோழிக் கழிவைக் கொட்டி மறைவாக வளர்க்கிறார்கள், உயிரோடு சந்தைக்கு வருகிறது, கேட்டால் 'நாட்டுக் கெளுத்தி' என்கிறார்கள். நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கும் வரை அப்படிச் சொல்வது சுலபம். கலங்கல் தொட்டியில் வைத்தால் எல்லாமே ஒரே சேற்று நிறம். நாட்டு இனத்துக்கு உடம்பின் பின்பாதியில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், வெளிறிய மீனில் அது தெரியாது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு முதுகில் பச்சையும் சாம்பலும் கலந்த திட்டுகள், பளிங்குக் கல் மாதிரி, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். எனவே கவிழ்த்துப் பாருங்கள். வளர்ந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியின் தலைக்கு அடியில், வெள்ளைப் பரப்பில், இரண்டு பக்கமும் நீளவாக்கில் கருங்கோடு ஓடும். குஞ்சில் இது இருக்காது, பெரியதில் பார்க்கலாம். தலை மேல் விரலால் தடவினால் வளர்ந்த மீனில் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு. செவுள் மூடியைத் தூக்கினால் முதல் செவுள் வளைவில் சின்னச் சின்ன முட்கள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக இருக்கும், 24-இல் தொடங்கி மீன் வளர வளர 110 வரைக்கும் போகும். இவற்றில் ஒன்றைக்கூட மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில் பார்க்க முடியாது.

அந்த மீன் எது கிடைத்தாலும் தின்னும். தவளை, குஞ்சு மீன், சில சமயம் நீர்ப்பறவைக் குஞ்சு. எங்கள் குளத்தில் தேளியும் கோட்டுக் கெளுத்தியும் இருந்த இடத்தில் இன்று எதுவும் இல்லை. அதற்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், பூச்சிமருந்துக்கும் குளம் தூர்ந்ததற்கும் பங்கு உண்டு. ஆனால் போன கோடையில் அந்தக் குளத்தை இறைத்தபோது சேற்றில் மிச்சம் இருந்தது நான்கு ஆப்பிரிக்கக் கெளுத்திகள். ஒவ்வொன்றும் என் தொடை தண்டி.

மக்கள் படமெடுப்பதை நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். கேரளத்தில் வீட்டுக் கிணறுகளில் ஒரு கெளுத்திக் கூட்டம் இருக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட வராது, கண் கிடையாது, பாறைக்கு அடியில் வெளிச்சமே படாத ஊற்றில் வாழ்வதால் தோலில் சாயமும் கிடையாது. ரத்தம் தெரிந்து உடம்பே ரோஜா நிறத்தில் இருக்கும். அதில் 2023-இல் புதிதாக ஓர் இனத்தை விவரித்து 'பாப்புலை' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் மக்கள் என்று பொருள். மோட்டார் போட்டபோது குழாயில் வந்து விழுந்த சின்னச் சிவப்பு மீனைத் தூக்கிப் போடாமல் தகவல் சொன்ன வீட்டுக்காரர்களுக்கான மரியாதை அது. நம் ஊர்க்காரர்களுக்கும் அந்தக் கண் உண்டு. படம் எடுக்கும் விதம் மட்டும்தான் தெரியவில்லை.

வலையில் புதுசாக ஏதாவது விழுந்தால், விழுந்த தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு மீனை அதில் விடுங்கள். வெளிறும் முன்னால் ஒரு படம். அப்புறம் பக்கவாட்டில் ஒன்று, துடுப்புகள் விரிந்திருக்க, பக்கத்தில் ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்து. மேலிருந்து தலை மட்டும் ஒன்று. கவிழ்த்துத் தலைக்கு அடியில் ஒன்று. தண்ணீர் கலங்கலா தெளிவா, குட்டையா ஆறா என்று ஒரு வரி. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அது என்னவென்று யாராவது விவரம் தெரிந்தவர் சொல்லும் வரை வாளியிலேயே இருக்கட்டும். ஆற்றில் விடுவது புண்ணியம் என்பது நம் மீனுக்குச் சரி.

இப்போது அந்தக் கடைசிப் பத்தி. உங்கள் செய்தியாளர் அன்று ஒரே ஒரு படம்தான் எடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. பிடித்தவர் மீனைத் தூக்கிக் காட்டும்போது பக்கத்தில் நின்ற பையன்களும் எடுத்திருப்பார்கள். தூக்கிப் பிடித்த படத்தில் தலையின் அடிப்பக்கம் நிச்சயம் தெரியும். அதில் ஒன்றைத் தயவுசெய்து அடுத்த ஞாயிறு போடுங்கள், கறுப்பு வெள்ளையில் போட்டாலும் போதும். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கருங்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அணைக்கரைக்குக் கீழே வலை போடுகிறவர்களுக்கு அந்த மீனை மறுபடி பிடித்தால் ஆற்றில் விட வேண்டாம் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
மணல்மேடு.